வெயில் முதுகில் இருக்கட்டும்

வணக்கம் சார்,

மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஞாயிறு காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் எழுவதற்கு மதியம் ஆகிவிடும். பறவை பார்க்க எனக்குக் கிடைப்பது மூன்று மணியிலிருந்து இருட்டும் வரைதான். ஊரில் பெரிய ஏரி இருக்கிறது. கரை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வரும். தண்ணீர் பரவும் உள்வாயில் ஒரு பக்கம் கருவேலந்தோப்பு, அதைத் தாண்டினால் புதர்க்காடு. நண்பர் ஒருவர் 10×25 பைனாகுலர் கொடுத்திருக்கிறார்.

கரையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடக்கிறேன். தண்ணீர் முழுக்கக் கண்கூசுகிறது. எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரிகிறது. கிட்டே போனால் எழுந்து போய்விடுகின்றன. வெள்ளைக் கொக்குகளில் எது எது என்று பிடிபடவில்லை. கூட்டமாக இருந்தால் எண்ண வரவில்லை. வாட்ஸப் குழுவில் கேட்டால் "காலை ஆறு மணிக்குப் போங்க" என்கிறார்கள். மதியத்துக்கு மேல் போவது வீண்தானா? எட்டு வயது மகளும் வருகிறேன் என்கிறாள், கூட்டிப் போகலாமா?

இன்னொன்று. ஐப்பசியில் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில் சத்தம் வருகிறது. ஆளைப் பார்க்கவே முடியவில்லை. அது என்ன?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

வீணில்லை. காலை ஆறு மணி என்பது காட்டுப் பறவைகளுக்குச் சரியான அறிவுரை. குருவிகள் விடியலில்தான் அதிகம் கத்தும், அதிகம் வெளியே வரும். நீர்ப்பறவைகள் அப்படியில்லை. கொக்கும், சேற்றோரம் இரை தேடும் உள்ளானும், வாத்தும் பகல் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கின்றன. உங்கள் சிக்கல் நேரத்தில் இல்லை, நீங்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. வரும் தண்ணீரைக் கிழக்கே மறிக்க வேண்டும் என்பதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கில், பிறை போல வளைந்து கிடக்கும். நீர்ப்பரப்பு அதற்கு மேற்கே. காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், பறவை மீது முழு வெளிச்சம். குழுவில் இருப்பவர்கள் சொல்லும் ஏரி அந்த ஏரிதான். பிற்பகலில் அதே கரையில் நின்றால் நேர் எதிரே சூரியன், அதற்குக் கீழே அதைத் திருப்பி அடிக்கும் தண்ணீர். நடுவில் இருக்கும் பறவைக்கு நிறம் எங்கிருந்து வரும்?

ஆகவே முதல் வேலை, ஃபோனில் வரைபடத்தைத் திறந்து செயற்கைக்கோள் படத்தில் உங்கள் ஏரியைப் பாருங்கள். கரை எந்தப் பக்கம், மதகு எங்கே, உபரிநீர் வழியும் கலங்கல் எந்த முனையில், உள்வாய்க்குள் போக வண்டிப்பாதை இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் சரியாக மேற்கே இறங்குவதில்லை, தென்மேற்கில் இறங்குகிறது. அதனால் கரையின் தெற்கு முனைக்குப் போய் வடக்கு அல்லது வடகிழக்கு பார்த்து உட்கார்ந்தால் வெயில் இடது தோளுக்குப் பின்னால் இருக்கும். ஒன்றரை கிலோமீட்டர் நடப்பதில் கிடைக்காத நிறமெல்லாம் அந்த ஒரே இடத்தில் கிடைக்கும். உள்வாயின் தென்மேற்கு ஓரத்துக்குப் பாதை இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் ஆழமில்லாத பக்கம் அதுதான், உள்ளான்கள் மேய்வதும் அங்கேதான். சித்திரை வைகாசியில் கணக்கு மாறும். சூரியன் வடமேற்கில் இறங்குவதால் அப்போது வடக்கு முனை உதவும். ஆனால் அந்த மாதங்களில் ஏரியில் தண்ணீர் இருந்தால்தானே.

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு ஏரிக்குப் போகாதீர்கள், தோப்புக்குப் போங்கள். அந்த நேரத்தில் தண்ணீருக்கு மேல் சூடான காற்று அலையடிக்கும். இருநூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவையின் கால் நெளியும், அலகு இரண்டாகத் தெரியும். பைனாகுலரின் உருப்பெருக்கம் கூடினால் அலையும் சேர்ந்துதான் பெரிதாகும். நாலேகாலுக்கு மேல் காற்று அடங்கத் தொடங்கும், அப்போது தெற்கு முனைக்கு வாருங்கள். டிசம்பரில் சூரியன் 5.45-ஐ ஒட்டி மறைகிறது, பிப்ரவரி நடுவில் 6.10 தாண்டிவிடும். மறைவதற்குக் கால் மணி நேரம் முன்பு கரையின் நடுப்பகுதிக்கு வந்துவிடுங்கள், மேற்கு பார்த்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பைனாகுலரைப் பற்றி. 10×25 என்றால் பத்து மடங்கு உருப்பெருக்கம், முன் லென்சின் விட்டம் 25 மில்லிமீட்டர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் விழும் ஒளிவட்டத்தின் அளவு வரும், உங்களுடையதில் 2.5 மி.மீ. நல்ல வெயிலில் நம் கண்பாவை சுருங்கி ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும் என்பதால் குறை தெரியாது. வெளிச்சம் குறையக் குறையக் கண்பாவை விரியும், கருவி அதற்கு ஈடு கொடுக்காது. ஐந்தேகாலுக்கு மேல் உங்களுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிவதற்கு இதுவே காரணம். 8×42-இல் அந்த வட்டம் 5.25 மி.மீ. காசு சேர்ந்தால் அதை வாங்குங்கள். 12, 20 மடங்கு என்று பெட்டியில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம், கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகும். அதுவரை இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம். உட்கார்ந்து இரண்டு முழங்கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டால் பத்து மடங்கும் நிலையாக நிற்கும்.

கருவியைக் கண்ணுக்குப் பொருத்தினீர்களா என்று தெரியவில்லை, கடன் வாங்கிய பைனாகுலரில் பெரும்பாலும் அது முன்னவர் கண்ணுக்கே இருக்கும். வலப்பக்க முன் லென்சைக் கையால் மூடி, தூரத்தில் உள்ள பனைமர மட்டை ஒன்றை இடக்கண்ணால் பாருங்கள். நடுச்சக்கரத்தைத் திருப்பி அதைத் துல்லியமாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழாயில் இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் திருப்பி அதே மட்டையைத் துல்லியமாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இனி அதைத் தொட வேண்டாம். கண்ணாடி போடுபவர் என்றால் கண் விளிம்பு ரப்பரை மடக்கிவிடுங்கள். லென்சில் தூசி இருந்தால் முதலில் ஊதுங்கள். சட்டை நுனியால் துடைத்தால் மணல் கீறிவிடும். சூரியனை மட்டும் கருவி வழியாகப் பார்க்கவே கூடாது, ஒரு நொடி போதும் கண் கெடுவதற்கு. மகளிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

பறவையைக் கருவிக்குள் பிடிக்கத் தடுமாறுவது எல்லாருக்கும் உண்டு. பறவையைப் பார்த்துவிட்டுக் குனிந்து பைனாகுலரைத் தேடினால் பறவை போய்விடும். பார்வையைப் பறவை மேலேயே வைத்துக்கொண்டு, தலையை அசைக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டு மாடியில் காக்கையை வைத்துப் பழகினால் சீக்கிரம் வந்துவிடும்.

கிட்டே போனால் பறக்கிறது என்கிறீர்கள். கரைமேல் நடக்கும் ஆள் ஏரியில் உள்ள எல்லாப் பறவைக்கும் வானத்தின் பின்னணியில் முழு உருவமாகத் தெரிகிறான். கரைக்கு வெளிப்பக்கம், வயல் பக்கமாகக் கீழே நடந்து வந்து, நீங்கள் குறித்துவைத்த இடத்தில் ஒரு பனையின் பின்னாலோ மதகுக் கட்டடத்தின் நிழலிலோ மெதுவாக ஏறுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஏறியதும் சிவப்புமூக்கு ஆள்காட்டி ஒன்று உங்களைப் பார்த்துக் கத்தித் தீர்க்கும், மற்றவையும் தலையைத் தூக்கும். அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் அது அலுத்துப் போகும். பிறகு உள்ளான்கள் தாமாகவே மேய்ந்துகொண்டு உங்கள் பக்கம் வரும். அவசியமாக நெருங்கத்தான் வேண்டும் என்றால் பறவையை நோக்கி நேராக நடக்காமல், அதைப் பார்க்காததுபோலச் சாய்வாக நடங்கள். கொக்கு கழுத்தை நீட்டி விறைத்தால் அதுதான் எல்லை.

தோப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மணிக்கு அங்கே சத்தமே இருக்காது. செம்மார்புக் குக்குறுவான் மட்டும் எங்கோ உச்சாணியில் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருக்கும், அதற்கு வெயில் ஒரு பொருட்டில்லை. உள்ளே சுற்றாதீர்கள். சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்து ஏறும், உங்கள் காலடிச் சருகுச் சத்தத்தில் இருப்பதும் போய்விடும். ஓடைக்குழியோ குட்டையோ தேங்கியிருந்தால் பதினைந்து அடி தள்ளி நிழலில் அமருங்கள். வெயில் வேளையில் கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாம் தண்ணீர் குடிக்க, குளிக்க வரும். ஆலோ அத்தியோ பழுத்திருந்தால் குட்டையைவிட அது மேல். கூட்டமாகக் குருவிகள் ஓரிடத்தைச் சுற்றிக் கிறீச்சிட்டால் அங்கே புள்ளி ஆந்தையோ பாம்போ இருக்கிறது என்று அர்த்தம், கிளையின் அடிப்பகுதியைத் தேடுங்கள். வல்லூறு சத்தம் கேட்டால் உடனே எழுதிவிடாதீர்கள். கரிச்சான் அப்படியே அதைப்போலக் கத்தும். ஃபோனில் ஒலியை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியும் அதில் ஏமாறலாம். செயலி சொல்வது ஒரு யோசனை, கண்ணால் பார்த்தபின்தான் பட்டியல். இலைகளுக்குள் துள்ளும் பழுப்புப் பச்சைக் கதிர்க்குருவிகளை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். அனுபவசாலிகளே அவற்றில் பாதியை "கதிர்க்குருவி, தெரியவில்லை" என்றுதான் எழுதுகிறார்கள்.

இனி கொக்குகள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் ஏரியில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இவற்றைத்தான்.

மாட்டோடு நடப்பது, புல்தரையில் பூச்சி பிடிப்பது உண்ணிக்கொக்கு. அலகு மஞ்சள், குட்டை. தாடையில் சதை தொங்குவதுபோல ஒரு புடைப்பு இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் காவி நிறத்துக்கு மாறும். அது தண்ணீருக்குள் இறங்கி மீன் பிடிப்பதை அரிதாகத்தான் பார்ப்பீர்கள்.

சின்ன வெள்ளைக்கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நிற்கும்போது அந்தப் பாதம் தெரியாது, சேறு அப்பினால் வெளியே வந்தாலும் தெரியாது. அது பறக்கும்வரை காத்திருங்கள். கால்கள் பின்னால் நீளும்போது மஞ்சள் நன்றாகத் தெரியும். அதற்கும் முன்பே நடத்தையில் பிடித்துவிடலாம். ஆழமில்லாத தண்ணீரில் ஓடி, நின்று, காலைச் சேற்றில் நடுக்கி மீனைக் கிளப்பி அலைபாய்வது இதுதான். அடுத்து வரும் பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும் இப்படி ஓடியாடுவது குறைவு.

பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும்தான் உண்மையான தலைவலி. அலகு நிறத்தை நம்ப முடியாது. இரண்டுக்கும் சாதாரண நாட்களில் மஞ்சள், இனப்பெருக்கக் காலத்தில் கறுப்பு. பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று இல்லாவிட்டால் அளவும் கைகொடுக்காது. பார்க்க வேண்டியது வாய்க்கோடு. அலகின் பிளவிலிருந்து கன்னத்தில் போகும் மெல்லிய கோடு கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. நாற்பது மீட்டருக்குள், பக்கவாட்டில், நல்ல வெளிச்சத்தில் தலை இருந்தால்தான் இது தெரியும். தூரத்தில் என்றால் கழுத்தைப் பாருங்கள். பெரிய கொக்கின் கழுத்து உடலைவிட நீளம், நடுவில் முறிந்து ஒட்டவைத்ததுபோல ஒரு கூரான மடிப்பு. நடுத்தரக் கொக்கின் தலை உருண்டை, அலகு குட்டை, வளைவு மென்மை. அலகின் நுனியில் கருமை இருந்தால் அதுவும் நடுத்தரக் கொக்குக்குச் சாதகமான சாட்சி.

மாலை வெயில் இதில் ஒரு குழப்பத்தைச் சேர்க்கும். ஐந்து மணிக்கு மேல் மஞ்சள் ஒளியில் வெள்ளை இறகு காவி பூசியதுபோல இருக்கும். உண்ணிக்கொக்குக்குத் தை மாதத்தில் காவி வந்துவிட்டது என்று எழுதுபவர்கள் பலர் ஏமாந்தது இந்த ஒளியில்தான். எதிர்வெளிச்சத்தில் எல்லா அலகும் கறுப்பு. அலகு நிறத்தை ஐந்துக்கு முன், வெயில் முதுகில் இருக்கும்போது பார்த்ததுதான் கணக்கு. உட்கார்ந்திருக்கும்போது பழுப்பாகவும் எழுந்தால் பளிச்சென வெள்ளையாகவும் இருப்பது குருட்டுக்கொக்கு, நம் ஊர் மடையான்.

நீர்க்காகங்களில் மூன்று வகை வரலாம். சின்னது காக்கையைவிடச் சற்றுப் பெரியது, அலகு குட்டை. கொண்டை நீர்க்காகத்துக்கு அலகு மெல்லியது, நீளம், கண் நீலப்பச்சை. பெரியது தடித்த ஆள், முகத்தில் மஞ்சளும் வெள்ளையும். உடல் முழுகிக் கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே பாம்புபோல் தெரிந்தால் பாம்புத்தாரா. நீந்தும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டுவது, நெற்றியில் வெள்ளை நாமம் போட்டது நாமக்கோழி. ஓரத்தில் வாலைச் சுண்டிக்கொண்டு அடிவால் வெள்ளையைக் காட்டுவது தாழைக்கோழி. வாத்துகளை அக்டோபர், நவம்பரில் அடையாளம் காண முயன்று மனம் சோர வேண்டாம். வலசை வந்த நீலச்சிறகி, ஊசிவால் வாத்துகளின் ஆண்களும் அப்போது பெட்டைபோலப் பழுப்பாகவே இருக்கும். தைக்கு மேல் உடை மாறியிருக்கும். அதுவரை ஆணும் பெட்டையும் ஒன்றுபோல இருக்கும் நம் ஊர்ப் புள்ளிமூக்கு வாத்தைப் பழகுங்கள், அலகு நுனி மஞ்சளாக இருப்பதே போதும்.

ஏரி நிரம்பியிருக்கும் கார்த்திகையில் உள்ளான்கள் குறைவாகத்தான் இருக்கும். அவற்றின் காலுக்கு ஏற்ற ஆழம் இல்லை. வந்த கூட்டம் பக்கத்து நெல்வயலில் மேயும், அங்கே தேடுங்கள். தண்ணீர் வற்றி ஓரத்தில் சேறு தெரியும் தை கடைசி, மாசி மாதங்கள்தான் அவற்றுக்குப் பருவம். முதலில் மூன்றைப் பழகினால் போதும். சிவந்த நீளக்காலில் தண்ணீருக்குள் நடப்பது நெடுங்கால் உள்ளான், அதைத் தவறவிட முடியாது. முதுகில் வெண்பொரி தூவி, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் நீண்டு, எழும்போது கீச்கீச் என்று கத்திக்கொண்டு வெள்ளை இடுப்பைக் காட்டுவது பொரி உள்ளான். மதகுக் கல்லில் நின்று பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டுவது, தோளுக்கு முன்னால் வெள்ளை ஒரு விரல்போல உள்ளே ஏறியிருப்பது சாதாரண உள்ளான். பறந்தால் தண்ணீருக்கு ஒட்டியபடி இறக்கையை விறைப்பாக அடித்து, சறுக்கி, மறுபடி அடித்துப் போகும். கூட்டம் மொத்தமும் காரணமில்லாமல் எழுந்தால் உள்ளானைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். இறக்கையை மேல்நோக்கி விரித்து சம்புக்கு மேல் தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று அநேகமாக வந்திருக்கும்.

எண்ணுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாக எண்ணினால் நூறைத் தாண்டுமுன் இடம் மாறிவிடும். கூட்டத்தின் ஒரு ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணி, அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அளவை அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனால் பத்துப் பத்தாக வரும். ஐந்நூறுக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு ஐம்பதை அளவாக எடுங்கள். நடுவில் அடர்த்தி அதிகம், ஓரத்தில் குறைவு, அதனால் அளவை ஓரத்தில் மட்டும் எடுத்தால் எண்ணிக்கை குறைந்துபோகும். இரண்டு இடத்தில் எடுத்து நடுவாகப் பிடியுங்கள். வகைவாரியாக எண்ணும்போது முதலில் குறைவாக இருப்பவற்றை எண்ணி முடித்துவிடுங்கள், நானூறு நாமக்கோழியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். குறிப்பேட்டில் நேரம், தண்ணீர் மட்டம், காற்று, நின்ற இடம் நான்கையும் எழுதுங்கள். பறவையைப் பற்றி எழுதும்போது காக்கை, மைனா, சிட்டுக்குருவி இவற்றில் எதன் அளவு என்பதில் தொடங்குங்கள். பிறகு அலகு, கால், என்ன செய்துகொண்டிருந்தது. நிறம் கடைசி. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்த பட்டியலே போதும், அதை இ-பேர்ட் செயலியில் ஏற்றலாம். பெரிய சரணாலயங்களுக்குப் போக ஆளிருக்கிறது. உங்கள் ஏரி போன்ற இடங்களிலிருந்து வரும் பட்டியல்தான் குறைவு.

இப்போது கரைக்குத் திரும்பச் சொன்ன காரணம். சூரியன் இறங்கியபின் மேற்கு வானம் வெளிச்சமாகவும் நிலம் இருட்டாகவும் இருக்கும். எல்லாப் பறவையும் அடையப் போகும் நேரம் அது. நிறம் தேவையில்லை, உருவம் போதும். அதனால் இந்த அரைமணி நேரம் மட்டும் வெளிச்சத்துக்கு எதிரே நிற்பதுதான் சரி. கழுத்தை மடித்து நெஞ்சோடு வைத்துப் பறந்தால் கொக்கு வகை, சாம்பல் நாரையும் செந்நாரையும் அதில் சேர்ந்தவை. பேர் நாரை என்றாலும் பறப்பது கொக்குபோலத்தான். கழுத்தை நேராக நீட்டிப் பறப்பவை சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். இவற்றில் அலகு கீழ்நோக்கி நன்றாக வளைந்தால் அரிவாள் மூக்கன், நுனி தட்டையாக விரிந்தால் கரண்டிவாயன், அலகு தடித்து நுனியில் லேசாகத் தாழ்ந்தால் சங்குவளை நாரை. கழுத்து நீட்டி, இறக்கையை வேகமாக அடித்து, கோடாகவோ ஆப்பு வடிவிலோ போனால் நீர்க்காகம். பெரிய உடம்போடு கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, ஒன்று அடித்தால் அடுத்ததும் அடித்து, எல்லாம் சேர்ந்து சறுக்குவது கூழைக்கடா. இவையெல்லாம் உள்ளே வரும்போது எதிர்த்திசையில் "குவாக்" என்று ஒற்றைக் குரல் கொடுத்து வெளியே போகிறது வக்கா, அதன் வேலை நேரம் இப்போதுதான் தொடங்குகிறது. எந்தத் திசையிலிருந்து எத்தனை வந்தன என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதிவையுங்கள். உங்கள் ஊர்ப் பறவைகள் எங்கே மேய்ந்து எங்கே தூங்குகின்றன என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

கூடு கட்டும் மரம் ஏரிக்குள் இருந்தால் அதிலிருந்து விலகியே இருங்கள். பிற்பகலில் இது காலையைவிட முக்கியம். வெயில் வேளையில் சங்குவளை நாரை குஞ்சுகளுக்கு மேல் இறக்கையை விரித்துக் குடைபோல நிற்கும், அலகில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும். படம் எடுக்க நெருங்கி அதைக் கிளப்பிவிட்டால் குஞ்சு வெயிலில் வெந்துபோகும், முட்டையைக் காகம் எடுத்துவிடும். பக்கத்திலிருக்கும் வேடந்தாங்கல்காரர்கள் இதைத் தலைமுறைகளாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஏரிக்குப் பாதுகாப்பு கேட்டு அவர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் உத்தரவு வாங்கியது 1790-களில், வனவிலங்குச் சட்டம் வந்தது 1972-இல். வேடந்தாங்கலும், அதன் அருகே வாத்துக்கும் உள்ளானுக்கும் பெயர்போன கரிக்கிலியும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உங்களுக்கு இரண்டும் கூப்பிடு தூரம். ஆனால் பழகுவதற்கு உங்கள் ஏரிதான் நல்லது, அங்கே கூட்டமும் கம்பி வேலியும் இல்லை.

மகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். எட்டு வயதுக்கு 10×25 கையில் சரியாக அடங்கும், கழுத்து வலிக்காது. எண்ணும் வேலையை அவளிடம் கொடுங்கள், பெரும்பாலும் நம்மைவிடச் சரியாக எண்ணுவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்டிக்காதீர்கள். தண்ணீர், தொப்பி, கணுக்கால் மூடும் ஷூ மூன்றும் கட்டாயம். ஏரிக்குள் இறங்க விடவே வேண்டாம். சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் ஆளுயரத்துக்கு மேல் இருக்கும், மேலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம்போலத் தெரியும். திரும்பும்போது கரைப்புல்லில் கண்ணாடி விரியன் கிடக்கலாம், டார்ச்சைக் காலடிக்கு முன் அடித்துக்கொண்டு நடங்கள். ஃபோன் வெளிச்சம் போதாது. ஐப்பசியில் மேகம் கறுத்து இடி கேட்டால் பனைவரிசையை விட்டு உடனே ஊருக்குள் வந்துவிடுங்கள். புதர்க்காடு காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும், எல்லைக்கல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த விசில். நீங்கள் சொல்லும் மாதம், நேரம், இரண்டு சுரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆறுமணிக்குருவியாகத்தான் இருக்க வேண்டும். வடக்கே இனப்பெருக்கம் முடித்துவிட்டு வலசை வரும் பறவை. ஐப்பசி வாக்கில் நம் பக்கம் வந்து இறங்கும். மைனாவைவிடச் சிறியது, வால் இல்லாததுபோலக் குட்டை, முதுகு பச்சை, தோளில் பளிச்சிடும் நீலம், கண்ணில் பட்டையான கறுப்புக் கோடு, அடிவயிறு சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும் தெரியாததற்குக் காரணம், அது இருட்டான புதரடியில் சருகைப் புரட்டிப் புழு தின்கிறது, நீங்கள் கிளையில் தேடுகிறீர்கள். சத்தம் வந்த திசையை ஒருநாள் குறித்துக்கொண்டு, மறுவாரம் ஐந்து மணிக்கே போய், புதருக்கு அடியில் வெற்றுத்தரை தெரியும்படி தரையோடு தரையாக உட்காருங்கள். சருகு பறக்கும் சத்தம் வரும் இடத்தில் பைனாகுலரை முன்கூட்டியே அந்தத் தூரத்துக்குக் குவித்து வைத்திருங்கள், இருட்டில் தேடிக் குவிக்க நேரம் இருக்காது. ஃபோனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே இழுக்காதீர்கள். நீண்ட பயணம் முடித்து இளைத்து வந்திருக்கும் பறவை, இரை தேட வேண்டிய நேரத்தை எதிரியைத் தேடுவதில் செலவழிக்கும். வீட்டிலோ கிணற்றடியிலோ சோர்ந்து விழுந்த ஆறுமணிக்குருவியை யாராவது எடுத்து வந்தால், காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.